டக் டக் என்று தட்டும் இஞ்சின்



விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பாடாங் செராய், லூனாஸ், கூலிம் சாலைகளின் ஓரத்தில் நின்று காது கொடுத்துக் கேட்டால், போகிற கார்களில் சில ஒரு தனி ஓசையோடு போவது தெரியும். தையல் இயந்திரம் ஓடுவதுபோல் இஞ்சினின் மேற்புறத்திலிருந்து டக் டக் டக் என்று இடைவிடாத ஒரு தட்டல். பெரும்பாலும் அவை பழைய கார்கள். 1996-இல் தொடங்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவுக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகள், தோட்ட வீட்டில் இருந்துகொண்டே போய்வர வாங்கிய இரண்டாங்கை, மூன்றாங்கைக் கார்கள். பழைய கார் வாங்குவதில் குறைவு ஒன்றும் இல்லை. ஆனால் இந்தத் தட்டல் கேட்கத் தொடங்கியதும் வீட்டில் கவலை குடியேறிவிடுகிறது. பட்டறைக்காரர், “இஞ்சினை இறக்க வேண்டும்” என்கிறார். பக்கத்து வீட்டுக்காரரோ, “பழைய காடி என்றால் அப்படித்தான், சும்மா ஓட்டுங்கள்” என்கிறார். முதலாமவர் சொல்வதைக் கேட்டால் பல மாதச் சம்பளம் போகும். இரண்டாமவர் சொல்வதைக் கேட்டால் சில வேளைகளில் இஞ்சினே போய்விடும். உண்மை இவ்விருவருக்கும் இடையில் எங்கே இருக்கிறது என்பதை இன்று பார்ப்போம்.

நாம் மூச்சை இழுத்து விடுவதுபோல் இஞ்சினும் செய்கிறது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் கதவுகள் உண்டு. பெட்ரோல் கலந்த காற்றை உள்ளே விடுவது ஒன்று, எரிந்த புகையை வெளியே விடுவது மற்றொன்று. இந்தக் கதவுகளைத்தான் வால்வு என்கிறோம். குடையை விரித்த காளானைத் தலைகீழாக நிறுத்தினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். வலுவான ஒரு சுருள்வில் அதை எப்போதும் மூடியே வைத்திருக்கிறது. திறப்பதற்குக் கேம் ஷாப்ட் என்ற ஒரு தண்டு இருக்கிறது. அதன்மேல் கோழிமுட்டை வடிவத்தில் மேடுகள் இருக்கின்றன. தண்டு சுழல, மேடு வந்து அழுத்துகிறது, வால்வு திறக்கிறது. மேடு கடந்து போனதும் சுருள்வில் வால்வை மூடிவிடுகிறது. மேட்டுக்கும் வால்வுக்கும் நடுவில் நின்று அந்த அழுத்தத்தை வாங்கிக் கொடுக்கும் சிறு பாகத்துக்குத்தான் டேப்பட் என்றும் லிப்டர் என்றும் பெயர்.

இது எவ்வளவு கடுமையான வேலை என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பட்டர்வொர்த் போகும் நெடுஞ்சாலையில் இஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். இஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஷாப்ட் ஒரு சுற்று. ஆக, கேம் ஷாப்ட் நிமிடத்துக்கு 1,500 சுற்று, அதாவது வினாடிக்கு 25. ஒவ்வொரு வால்வும் ஒரு வினாடியில் 25 முறை திறந்து மூட வேண்டும். அரை மணி நேரப் பயணத்தில் 45,000 முறை. 16 வால்வு உள்ள இஞ்சினில் மொத்தம் 7,20,000 முறை. இத்தனை அடிகளையும் தாங்கிக்கொள்ள இரும்புக்கும் இரும்புக்கும் இடையில் இருப்பது எண்ணெய்ப் படலம் ஒன்றுதான். பின்னால் சொல்லப் போகிற எல்லாம் இந்த எண்ணெயைச் சுற்றியே வரும்.

இரும்பு சூடானால் நீளும் என்பதைப் பள்ளிப் பிள்ளைகள் படித்திருப்பார்கள். வால்வும் அப்படியே நீளுகிறது. நீள்வதற்கு இடம் விடாமல் டேப்பட்டை இறுக்கி வைத்தால், இஞ்சின் சூடானதும் வால்வு முழுவதும் மூடாது. அந்தச் சிறு சந்து வழியாக நெருப்பு சீறிக்கொண்டு போய் வால்வின் விளிம்பையே எரித்துவிடும். ஆகவேதான் அந்தக் காலத்து இஞ்சின்களில் சிறு இடைவெளி ஒன்று விட்டு வைப்பார்கள். நம் தோட்டங்களில் கிராணிமாரும் டிரஸ்ஸரும் ஒரு காலத்தில் வைத்திருந்த மோரிஸ் மைனர் 1000 காரில் அந்த இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு, அதாவது ஏறத்தாழ 0.30 மில்லிமீட்டர். இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டிய அளவு இது. பீலர் கேஜ் என்ற மெல்லிய தகட்டை இடைவெளியில் நுழைத்துப் பார்த்து, திருகைத் திருப்பிச் சரிசெய்து, நட்டை இறுக்கிவிடுவார்கள்.

மைனரில் 8 வால்வுகள். அவற்றைச் சரிசெய்ய ஒரு வேடிக்கையான கணக்கு உண்டு. முன்பக்கத்திலிருந்து எண்ணி, முதல் வால்வு முழுவதும் திறந்திருக்கும் நேரத்தில் எட்டாவது வால்வின் இடைவெளியை அளக்க வேண்டும். மூன்றாவது திறந்திருந்தால் ஆறாவதை. ஐந்தாவது திறந்திருந்தால் நான்காவதை. இரண்டு எண்களையும் கூட்டினால் எப்போதும் 9 வரும். இதை ஒன்பதின் விதி என்பார்கள். பிள்ளைகளுக்குக் கூட்டல் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

1985 ஜூலையில் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவின் 8 வால்வு இஞ்சினும் இப்படித் திருகு வைத்ததே. அதற்கு அளவு வேறு. இஞ்சின் சூடாக இருக்கும்போது, காற்று உள்ளே வரும் வால்வுக்கு 0.15 மில்லிமீட்டர், புகை வெளியேறும் வால்வுக்கு 0.25 மில்லிமீட்டர். புகை வழியிலுள்ள வால்வு அதிகம் சூடாவதால் அதற்குக் கூடுதல் இடம். ஒரு காரின் அளவை மற்றொரு காருக்கு வைப்பதும், சூட்டில் அளக்க வேண்டியதைக் குளிரில் அளப்பதும் கூடாது. திருகு வைத்த இஞ்சின் தட்டினால், பெரும்பாலும் இடைவெளி கூடிவிட்டது என்றே பொருள். ஒரு மணி நேர வேலையில் தீர்ந்துவிடும். அதற்காக லிப்டர் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், அவர் அந்த இஞ்சினைத் திறந்தே பார்க்கவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சத்தமே வரக்கூடாது என்று இடைவெளியைக் குறைத்து இறுக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தட்டுகிற வால்வு பல மாதம் ஓடும். சத்தமில்லாமல் இறுகிப்போன வால்வோ எரிந்துபோகும்.

இடைவெளியும் வேண்டாம், அடிக்கடி சரிசெய்வதும் வேண்டாம் என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் எண்ணெயால் இயங்கும் லிப்டர். 1930-இல் அமெரிக்காவில் காடிலாக் நிறுவனம் 16 சிலிண்டர் வைத்த ஒரு காரை வெளியிட்டது. செல்வர்களுக்கான கார். இஞ்சின் ஓடுவதே தெரியக்கூடாது என்பதற்காக அதில் எண்ணெய் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்ளும் அமைப்பை வைத்தார்கள். பணக்காரர்களின் காதுக்காகச் செய்த அந்தப் பொருள், காலப்போக்கில் சாதாரணக் கார்களுக்கும் வந்து சேர்ந்தது. நம் நாட்டில் விரா 1.8 காரின் இரட்டைக் கேம் ஷாப்ட் வைத்த 4ஜி93 இஞ்சின், அதே இஞ்சின் கொண்ட சத்ரியா ஜிடிஐ, பெர்டானா ஆகியவற்றில் இவ்வகை லிப்டர்கள் இருக்கின்றன. பெயர் ஒன்றாக இருந்தாலும் இஞ்சின் வேறாக இருக்கலாம். ஆகவே உங்கள் காரில் இருப்பது திருகா, எண்ணெய் லிப்டரா என்பதைத்தான் பட்டறையில் முதலில் கேட்க வேண்டும்.

இந்த லிப்டர் எப்படி வேலை செய்கிறது? செம்பனைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் சகோதரிகளுக்கு இது மிக எளிதில் விளங்கும். முதுகில் சுமக்கும் மருந்துப் பம்பை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் மருந்தை ஒரு பக்கம் மட்டும் போகவிடும் ஒரு சிறு குண்டோ தகடோ இருக்கிறது. கைப்பிடியை ஒரு பக்கம் அசைத்தால் வழி திறந்து மருந்து உள்ளே வரும். மறுபக்கம் அழுத்தினால் வழி அடைபடும். வந்த மருந்து திரும்பிப் போக முடியாமல் அழுத்தம் ஏறும். அந்தக் குண்டின் அடியில் ஒரு துளி மண் சிக்கிக்கொண்டால் என்ன ஆகும்? கைப்பிடி தொளதொளவென்று போகும், அழுத்தம் நிற்காது. தொட்டியில் மருந்து குறைந்து காற்றை இழுத்தாலும் அப்படியே.

லிப்டர் என்பது சுண்டுவிரல் நுனியளவு உள்ள அதே பம்புதான். சிறு எஃகுக் கிண்ணத்துக்குள் ஒரு தண்டு. தண்டின் கீழே ஒரு மெல்லிய சுருள்வில்லும், ஒரு பக்கம் மட்டும் வழிவிடும் குண்டும் இருக்கின்றன. இஞ்சின் எண்ணெய் பக்கத்துத் துளை வழியாக வந்து, குண்டைத் தள்ளிக்கொண்டு அடியில் போய் நிறைகிறது. கேம் மேடு அழுத்தும்போது குண்டு வழியை அடைத்துவிடுகிறது. எண்ணெயைக் கசக்கிச் சுருக்க முடியாது, ஆகவே லிப்டர் கல்போல் நின்று அழுத்தத்தைத் தாங்குகிறது. மேடு கடந்ததும் சிறு இடைவெளி உண்டானால், சுருள்வில் தண்டை உயர்த்தி அதை நிரப்பிவிடுகிறது. கிண்ணத்துக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள சந்து தலைமயிரின் கனத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். அவ்வளவு நுணுக்கமான இடத்தில் கரி பிடித்த எண்ணெய் போனால், மண் விழுந்த மருந்துப் பம்பின் கதைதான். லிப்டர் தன் இடைவெளியை நிரப்ப முடியாமல் தட்டத் தொடங்குகிறது.

தட்டும் சத்தம் எப்போது வருகிறது என்பதில்தான் விடை இருக்கிறது. அவசரப்பட்டுப் பணம் கொடுக்கும் முன், இரண்டு மூன்று நாள் கவனித்துக் கேளுங்கள். இரவு முழுவதும் நின்ற கார் காலையில் சில வினாடி தட்டிவிட்டு அடங்கினால் பயப்பட ஒன்றும் இல்லை. நின்ற நேரத்தில் லிப்டரிலிருந்து எண்ணெய் கசிந்திருக்கும், இஞ்சின் ஓடியதும் மறுபடி நிறைந்துவிடும். அரை நிமிடத்துக்கு மேல் நீடித்தால் எண்ணெய் வடிகட்டியைப் பாருங்கள். நல்ல வடிகட்டிக்குள் எண்ணெய் திரும்பி வடியாமல் தடுக்கும் ரப்பர் தடுப்பு ஒன்று இருக்கும். மலிவானவற்றில் அது சரியாக இருப்பதில்லை. இஞ்சின் சூடான பிறகுதான் தட்டுகிறது என்றால், எண்ணெய் நீர்த்துப்போயிருக்கலாம், லிப்டர் தேய்ந்திருக்கலாம், அல்லது எண்ணெய் அழுத்தமே குறைந்திருக்கலாம். வேகமாக ஓடும்போது மட்டும் தட்டினால் எண்ணெயின் அளவைப் பாருங்கள். அளவுக்கு மேல் ஊற்றினாலும் எண்ணெய் நுரைத்துக் காற்றோடு கலந்து லிப்டருக்குள் போகும். அதிகம் ஊற்றினால் நல்லது என்று நினைப்பவர்கள் நம்மிடையே நிறைய.

எல்லாத் தட்டலும் வால்வுத் தட்டல் அல்ல. இஞ்சின் சும்மா ஓடும்போது நிமிடத்துக்கு 800 சுற்று என்றால், ஒரு வால்வு நிமிடத்துக்கு 400 முறை தட்டும். வினாடிக்கு ஆறு ஏழு முறை. மெல்லிய, கூர்மையான ஓசை, மேலிருந்து வரும். புகைக்குழாய் இஞ்சினோடு சேரும் இடத்தில் கேஸ்கெட் ஒழுகினாலும் ஏறக்குறைய இதே சத்தம் வரும். குளிரில் பலமாக இருந்து சூடானதும் குறையும், அந்த இடத்தில் கரி படிந்திருக்கும். லிப்டர் மாற்றியும் சத்தம் போகவில்லை என்று வருந்துபவர்களில் சிலருக்கு உண்மையில் இருந்த கோளாறு இதுதான். நீண்ட ஸ்குரூடிரைவரின் முனையை வால்வு மூடிமேல் வைத்து, பிடியைக் காதோரத்து எலும்பில் ஊன்றிக் கேட்டால் தட்டல் எந்தப் பக்கம் என்று தெரியும். அப்படிக் கேட்கும்போது துண்டு, சேலைத் தலைப்பு, அவிழ்ந்த கூந்தல் எதுவும் காற்றாடிக்கும் பெல்ட்டுக்கும் பக்கத்தில் போகக்கூடாது. ஓசை கீழிருந்து டொக் டொக் என்று கனமாக வந்து, மேடு ஏறும்போது பலமானால் அது பேரிங் சத்தம். அத்துடன் ஓட்டக்கூடாது. சிவப்பு எண்ணெய் விளக்கு எரிந்தாலோ, வீடு பக்கத்தில்தான் இருக்கிறது என்று பார்க்காமல் அந்த இடத்திலேயே இஞ்சினை நிறுத்துங்கள்.

பாடாங் செராய்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் டிராக்டர் ஓட்டும் ஒருவர் மகனுக்காகப் பழைய விரா 1.8 வாங்கியிருந்தார். ஐந்தாறு மாதத்தில் தட்டல் வந்தது. ஒரு பட்டறையில், வேறு இஞ்சின்தான் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் மனைவியின் சங்கிலியை அடகு வைக்கும் பேச்சு வந்துவிட்டது. “ஐயா, இந்தக் காடிப் புத்தகத்தைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. இஞ்சின் போச்சுன்னா போகட்டும், ஆனா என்னான்னு தெரியாம நகையை வைக்க மனசு வரலை” என்று என்னிடம் வந்தார். எண்ணெய் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன். “ஒழுகவே இல்லையே ஐயா, குறைஞ்சா ஊத்திக்குவோம்” என்றார். அளவுக் கம்பியை உருவிப் பார்த்தால், துடைத்த துணியில் தார் பூசியதுபோல் இருந்தது. டிராக்டருக்கு மணிக்கணக்குப் பார்த்து எண்ணெய் மாற்றுகிறவர், சொந்தக் காருக்கு அதைச் செய்யவில்லை. தோட்டத்து வண்டிக்கு எழுதி வைக்க ஒரு புத்தகம் இருக்கிறது, வீட்டு வண்டிக்கு இல்லை, அவ்வளவுதான் காரணம்.

மின்யாக் ஈத்தாம் என்று நாம் சொல்லும் அந்த எண்ணெய் கறுப்பாக இருப்பது குற்றமில்லை. நல்ல எண்ணெயும் அழுக்கைச் சேகரித்துக் கறுக்கத்தான் செய்யும். பிசின்போல் கெட்டியாவதுதான் குற்றம். அவர் காருக்கு முதலில் எண்ணெயும் வடிகட்டியும் மாற்றினோம். புத்தகத்தில் சொல்லியிருந்த தரத்திலேயே வாங்கினோம். சத்தம் வந்தால் தடித்த எண்ணெய் ஊற்று என்பது பட்டறைகளில் வழக்கமான ஆலோசனை. ஓசை சற்று அமுங்கும், உண்மைதான். ஆனால் அந்த எண்ணெய் காலையில் மேலே லிப்டர்வரை ஏறத் தாமதமாகிறது. காயத்தைக் கழுவாமல் துணி சுற்றுவது போன்ற வைத்தியம் அது. இஞ்சினைக் கழுவும் திரவத்தையும் நெடுநாள் எண்ணெய் மாற்றாத காரில் ஊற்ற நான் சொல்லமாட்டேன். ஒட்டியிருந்த கரியெல்லாம் ஒரே நேரத்தில் பெயர்ந்து, எண்ணெய் உறிஞ்சும் சல்லடையை அடைத்துவிடக் கூடும். அதைவிட, புது எண்ணெய் ஊற்றி 1,000 கிலோமீட்டர் ஓடவிட்டு மறுபடி மாற்றுவது செலவு குறைந்த வழி. எண்ணெய் தன் வேலையை மெதுவாகச் செய்யும்.

அடுத்து அவர் செய்தது எண்ணெய் அழுத்தம் அளந்தது. எண்ணெய் விளக்கின் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் அழுத்தமானியைப் பூட்டினால் போதும், பத்து நிமிட வேலை. மிட்சுபிஷி வகை இஞ்சின்களில் சூடாகிச் சும்மா ஓடும்போது 80 கிலோபாஸ்கலுக்குக் குறையக்கூடாது. சதுர அங்குலக் கணக்கில் ஏறத்தாழ 12 பவுண்டு. அதற்குக் குறைந்தால் கோளாறு பம்பிலோ பேரிங்கிலோ இருக்கிறது, புது லிப்டர் போட்டும் பயனில்லை. அவர் காரில் அழுத்தம் நன்றாகவே இருந்தது. இரண்டு முறை எண்ணெய் மாற்றிய பின் பாதிச் சத்தம் போய்விட்டது, ஆனால் ஒன்றிரண்டு லிப்டர் மட்டும் விடாமல் தட்டின. இஞ்சின் மாற்ற வேண்டியதில்லை, லிப்டர் மாற்றினால் போதும் என்பது அப்போதுதான் உறுதியாயிற்று.

மாற்றும் வேலையைப் பழக்கமில்லாதவர்கள் தாமே செய்யக்கூடாது. ஆனால் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு பக்கத்தில் நிற்பது நம் உரிமை. 4ஜி93 போன்ற இஞ்சினில் மேல் மூடியைத் திறந்ததும் இரண்டு கேம் ஷாப்ட்டுகள் தெரியும். அவற்றின் கீழே 16 ராக்கர்கள், ஒவ்வொன்றின் ஒரு முனையும் ஒரு லிப்டர்மேல் உட்கார்ந்திருக்கும். லிப்டரை எடுக்க வேண்டுமானால் கேம் ஷாப்ட்டைக் கழற்ற வேண்டும், கேம் ஷாப்ட்டைக் கழற்ற டைமிங் பெல்ட்டை அவிழ்க்க வேண்டும். ஆபத்து இந்தப் பெல்ட்டில்தான். கேம் ஷாப்ட்டும் இஞ்சினின் கீழ்த்தண்டும் எந்த நேரத்தில் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதை இந்தப் பெல்ட் நிர்ணயிக்கிறது. ஒரு பல் தவறினாலே இஞ்சின் சரியாக ஓடாது. பல பல் தவறினால் பிஸ்டன் மேலே வந்து, திறந்திருக்கும் வால்வை அடித்து வளைத்துவிடும். ஆகவே கழற்றும் முன் எல்லாக் குறிகளையும் நேராக நிறுத்தி, வெள்ளைச் சாயத்தால் அடையாளமிட்டு, கையடக்கத் தொலைபேசியில் படமும் எடுத்துக்கொள்ள வேண்டும். பெல்ட் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று தெரியாத பழைய காரில், அவிழ்த்த பெல்ட்டையே மறுபடி போடுவது சிக்கனம் அல்ல. கழற்றி மாட்டும் கூலி எப்படியும் கொடுத்தாகிவிட்டது.

கேம் ஷாப்ட்டைப் பிடித்திருக்கும் மூடிகளை ஒரேயடியாக அவிழ்க்கக்கூடாது. ஒவ்வொரு திருகையும் சிறிது சிறிதாக, மாறி மாறித் தளர்த்த வேண்டும். இல்லாவிட்டால் கீழேயுள்ள சுருள்விற்களின் உந்துதலில் தண்டு கோணலாகி முறியும். எடுத்த ராக்கர்களும் மூடிகளும் அந்தந்த இடத்துக்கே திரும்பப் போக வேண்டும், ஏனென்றால் பல ஆண்டு சேர்ந்து தேய்ந்து ஒன்றுக்கொன்று பழகியவை. இதற்கு விலையில்லாத ஓர் ஏற்பாடு உண்டு. முட்டைத் தட்டில் 1 முதல் 16 வரை எண் எழுதி, ஒவ்வொரு குழியிலும் ஒன்றாக வைத்துவிடலாம். டிராக்டர் ஓட்டுநரின் சின்ன மகள் அந்த எண்களைப் பென்சிலால் அழகாக எழுதிக்கொடுத்தாள். கேம் மேடுகளை விரலால் தடவிப் பார்க்க வேண்டியதும் இப்போதுதான். வழுவழுப்பாக இருந்தால் சரி. பள்ளமோ சொரசொரப்போ இருந்தால், புது லிப்டர் போட்டும் கேம் சத்தம் போடும்.

லிப்டரை விரலால் இழுத்தால் வந்துவிடும். நிமிர்த்திப் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். எண்ணெய் நிறைந்த நல்ல லிப்டர் கல்போல் நிற்கும். கெட்டது பஞ்சுபோல் உள்ளே போகும். கெட்டது ஒன்றிரண்டுதான் என்றாலும் நான் பதினாறையும் மாற்றச் சொல்வேன். எல்லாமே ஒரே எண்ணெயில் ஒரே காலம் உழைத்தவை. இன்று ஒன்று, அடுத்த ஆண்டு ஒன்று என்று திறந்துகொண்டே இருந்தால் சாமான் விலையைவிடக் கூலி பல மடங்காகும். கையில் காசில்லாதவர்கள் பழையவற்றைக் கழுவிப் போடுவதும் உண்டு, அதில் தவறில்லை. ஆனால் வெட்டி விற்கும் பழைய சாமான் கடையில், வேறு இஞ்சினிலிருந்து கழற்றிய லிப்டர்களை வாங்காதீர்கள். வெளியில் பார்க்கப் பளபளப்பாக இருக்கும், உள்ளே குண்டு தேய்ந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது.

புது லிப்டரை அப்படியே மாட்டக்கூடாது, உள்ளே காற்று இருக்கும். சுத்தமான டீசலில் அதை நிமிர்த்தி மூழ்க வைத்து, மிக மெல்லிய கம்பியால் குண்டை மெதுவாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, தண்டை ஐந்து முதல் பத்து முறை மேலும் கீழும் அழுத்த வேண்டும். குமிழி குமிழியாகக் காற்று வெளியேறும். கம்பியை எடுத்துவிட்டு அழுத்தும்போது கல்போல் நின்றால் காற்று போய்விட்டது. நிமிர்த்தியபடியே கொண்டுபோய், இடத்தில் புது எண்ணெய் தடவி உட்கார வைக்க வேண்டும். இந்த வேலை நடக்கும் இடத்தில் சிகரெட் கூடாது, பெட்ரோலை டீசலுக்குப் பதிலாக எடுக்கவே கூடாது. பல பட்டறைகளில் அவசரத்தில் தாண்டிப் போவது இந்தக் கட்டத்தைத்தான். பிறகு புது லிப்டரும் தட்டுகிறது என்று சாமான் மேல் பழி போடுவார்கள்.

எல்லாம் மாட்டிய பின் உடனே சாவியைத் திருப்பக்கூடாது. அரை மணி நேரமாவது காத்திருந்து, லிப்டர்கள் தங்கள் அளவுக்கு இறங்க நேரம் கொடுக்க வேண்டும். பிறகு ஸ்பேனரால் இஞ்சினைக் கையாலேயே முழுதாக இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். எங்காவது தட்டுப்பட்டு நின்றால் பலவந்தம் செய்யாமல் பெல்ட் குறிகளைத் திரும்பப் பார்க்க வேண்டும். தடையில்லாமல் சுற்றினால் இஞ்சினை ஓடவிடலாம். முதலில் கொஞ்ச நேரம் தட்டத்தான் செய்யும். கார் திறந்த வெளியில் நிற்கட்டும், மூடிய கொட்டகையில் புகை ஆளைக் கொல்லும். இஞ்சின் சூடானதும், மெதுவாக 3,000 சுற்றுவரை ஏற்றி, விட்டு, சற்று நேரம் சும்மா ஓடவிட்டு, மறுபடி ஏற்ற வேண்டும். இப்படிப் பத்துப் பதினைந்து முறை செய்தால் மிச்சமிருக்கும் காற்று வெளியேறி ஓசை அடங்கும். நாம் பேசிய விராவில் பன்னிரண்டாம் முறையில் அடங்கியது. அவர் பழைய லிப்டர்களை ஒரு டப்பாவில் வாங்கிக்கொண்டு போனார். பட்டறையில் எந்தச் சாமான் மாற்றினாலும் பழையதைத் திருப்பிக் கேளுங்கள். மாற்றினார்களா என்ற சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

வடித்த பழைய எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. கொசு ஒழியும் என்று வீட்டுக் கால்வாயில் ஊற்றுவதும், கறையான் வராது என்று வேலிக்கட்டையில் பூசுவதும் தோட்டங்களில் நெடுநாளைய பழக்கம். அந்த எண்ணெயில் கரியும் உலோகத் துகளும் கலந்திருக்கின்றன. மழை பெய்தால் கால்வாய் வழியாக ஆற்றுக்குத்தான் போகும். 2005-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிகளில் பயன்படுத்திய இஞ்சின் எண்ணெய், தனியாகக் கையாள வேண்டிய கழிவுகளில் ஒன்றாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. மூடியுள்ள பழைய எண்ணெய்க் கலத்திலேயே ஊற்றி, புது எண்ணெய் வாங்கும் பட்டறையில் கொடுத்தால் அவர்கள் பீப்பாயில் சேர்த்துக்கொள்வார்கள். அந்தக் கலத்தின்மேல் தேதியையும் கார் ஓடிய கிலோமீட்டரையும் எழுதும்போது, அதே இரண்டையும் வீட்டு நாட்காட்டியிலும் எழுதிவிடுங்கள். அடுத்த எண்ணெய் எப்போது என்று கேட்க யாரையும் தேடிப்போக வேண்டியிருக்காது.